இரண்டாம் இராசா

துர்க்கு, பின்லாந்து
14 தை 1996

அன்புள்ள அக்கா,

உறையின் பின்பக்கத்தில் என் பெயரைக் கண்டதும் நீங்கள் இதை அலுமாரிக்கு மேலே போட்டிருப்பீர்கள். எப்போது மனம் வருகிறதோ அப்போது உடைத்து வாசியுங்கள். நான் சுகம். ஐனோவும் சுகம். நான் பலெர்மோவை விட்டு வந்த பிறகு இது மூன்றாவது பனிக்காலம். பாலன் பிறப்புக்கு உங்களிடமிருந்து ஒரு நத்தார் வாழ்த்துக்கூட வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

பகலில் கப்பல் கட்டும் தளத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்கிறேன். மாலையில் பாடுகிறேன். கோயிலில் இல்லை, ஒரு றொக் இசைக்குழுவில். ஐந்து பேர். ஐனோ கீபோட், யாரி பேஸ் கிற்றார், எர்க்கி றம் மேளம், இன்னொருவர் கிற்றார், நான் பாட்டு. குழுவின் பெயர் ரௌத்தா ஐரோ. இரும்புத் துடுப்பு என்று அர்த்தம். சத்தம் பெரிதுதான். ஆனால் மெட்டு நல்ல மெட்டு. ஒருமுறை கேட்டவர் பஸ்ஸில் போகும்போது வாய்க்குள் பாடிக்கொண்டு போவார். வைக்கிங் என்று சொல்வார்களே, பழங்காலத்தில் பாய்க்கப்பலில் வந்து கரையெல்லாம் பிடித்த வடநாட்டார், அவர்களைப் பற்றிய பாட்டுகள் பாதி. மற்றப் பாதி இந்த நாட்டின் சொந்தச் சரித்திரம்: தடியோடு எழும்பிய குடியானவர்கள், மரப்பட்டை அரைத்து அப்பம் சுட்ட பஞ்சகாலம், பனியில் சறுக்கிப் போய்ச் சண்டை பிடித்த பெடியன்கள்.

இப்போது ஒரு புதுப் பாட்டுக் கட்டுகிறோம். அந்த வடநாட்டாரின் வழித்தோன்றல்கள் பலெர்மோவைப் பிடித்த கதை. புத்தகங்களில் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு நாளும் அந்த நகரத்தின் பழைய பகுதியான கால்சாவுக்கு வேலைக்குப் போகிறீர்கள். எந்தப் பக்கத்தால் நுழைந்தார்கள்? கடலாலா, தரையாலா? அவர்களுடைய இராசாவின் படம் எங்காவது சுவரில் இருக்கிறதா, எப்படி இருக்கிறான்? நீங்கள் பார்த்து எழுதினால் அது சரியாக இருக்கும். சின்ன வயதிலிருந்தே நீங்கள் இல்லாததைச் சொன்னதில்லை.

அத்தானுக்கு என் அன்பு.

ஜோக்கிம்

*

பலெர்மோ
11 மாசி 1996

ஜோக்கிமுக்கு,

கடிதம் அலுமாரிக்கு மேலேதான் கிடந்தது. நேற்று தூசு தட்டும்போது உன் அத்தான் எடுத்து உடைத்து, சத்தமாக வாசித்துவிட்டார். இனி வாசிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ அந்தப் பின்லாந்துப் பிள்ளையோடு போனதில் எனக்குக் கோபமில்லை. குருத்தோலை ஞாயிறு முடிந்து, பெரிய வெள்ளிக்கு முன்னே போனாய். கர்த்தரின் பாடுகளைச் சொல்கிற பசாமைப் பாட இங்கே எங்கள் தமிழ்ச் சனத்தில் உன்னைவிட்டால் ஒருவரும் இல்லையென்று தெரிந்தும் போனாய். கடைசியில் உன் அத்தான்தான் பாடினார். வள்ளத்தில் நின்று கரைக்குக் கூப்பிடுகிற குரல் அது. மாதா அழுகிற இடத்தில் சனம் சிரித்தது. பங்குச் சாமி பீடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். இந்தக் கதையை இன்றைக்கும் ஆட்கள் சொல்கிறார்கள். இவ்வளவும்தான் என் கோபம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நான் வேலை செய்கிற வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவ. அவவிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே போயும் பார்த்தேன்.

நீ கேட்ட அந்த வழித்தோன்றல்கள், நோர்மன்காரர், துறைமுகத்தைக் கப்பலால் அடைத்தார்கள். ஆனால் நகரத்துக்குள் நுழைந்தது கடலால் இல்லை. சிலர் ஒரு பக்கத்து மதிலில் சண்டையைக் காட்டிக்கொண்டிருக்க, மற்றவர்கள் கால்சாப் பக்கத்து மதிலில் ஏணி வைத்து ஏறினார்கள். அந்த வாசல் இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்னக் கோயில் நிற்கிறது. என் வேலை வீட்டின் பின் யன்னலால் அதன் சுவர் தெரியும். அந்தச் சுவருக்கு முன்னால்தான் நான் துணி காயப்போடுகிறேன்.

இன்னொன்றையும் சிஞ்ஞோரா சொன்னா. அவர்கள் வரும்போது வைக்கிங் இல்லையாம். பாட்டன் பூட்டன்தான் வைக்கிங். பேரன்மார் பிரெஞ்சு கதைத்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வந்தவர்களாம். பாட்டில் பொய் எழுதாதே.

இராசாவின் படம் மார்த்தொரானாக் கோயிலில் இருக்கிறது. சின்னச் சின்னக் கண்ணாடிக் கல் பதித்த படம். கர்த்தர் நின்று அவன் தலையில் முடி சூட்டுகிறார். இராசா தலையைக் கொஞ்சம் குனிந்து நிற்கிறான். வெள்ளைத்தலையும் நீலக்கண்ணுமாக ஒருவனைத் தேடிப் போனேன். நிற்கிறவனுக்குக் கறுத்தத் தலைமயிர், கறுத்தத் தாடி, உடுப்பு கிரேக்கச் சக்கரவர்த்தியின் உடுப்பு. அவனுக்கென்று செய்த பட்டுப் போர்வையில் அரபு எழுத்துத் தைத்திருந்ததாம். கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர் பேசாலையில் கூத்துக்கு எங்கள் ஐயா வேசம் கட்டி வெளியே வரும்போது இருந்த மாதிரியே இருந்தான்.

உன் குழுவின் பெயரைக் கேட்டு அத்தான் சொன்னது: "இரும்பிலை துடுப்போ? தண்டு வலிச்சுப் பாக்காத ஆக்கள் வைச்ச பேர். கையிலையிருந்து நழுவினால் நேரை அடிக்குத்தான் போகும்." இன்னொன்றும் சொன்னார்: "ஊரிலை எங்கடை சண்டையே முடியேல்லை, இவர் பிறத்தியாற்றை சண்டையைப் பாடுறார்." இதற்கு நீதான் பதில் சொல்லவேண்டும்.

எமிலியானா

*

துர்க்கு
2 சித்திரை 1996

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை வரிவரியாக மொழிபெயர்த்துக் குழுவுக்கு வாசித்தேன். கறுத்தத் தாடி இராசா வந்த இடத்தில் யாரி மேசையில் தட்டிச் சிரித்தான். எர்க்கி சொன்னான்: "நாங்களும் ஒழுங்கான வைக்கிங் இல்லை. வைக்கிங் எங்கடை கரைக்கு வந்து மிருகத்தோல் பறிச்சுக்கொண்டு போனவங்கள். எண்டாலும் பாட்டுக்கு அவங்கள் வேணும்." பாட்டு முடிந்துவிட்டது. ஏணியும் கால்சா மதிலும் இருக்கின்றன. பேரன்மார் சிலுவை அடையாளம் போடுகிறார்கள். மற்றப் பாட்டுகளோடு கசெற்றில் பதிந்து இத்துடன் அனுப்புகிறேன்.

அத்தானுக்குப் பதில்: முடிந்த சண்டையைத்தான் பாடலாம், அத்தான். முடியாத சண்டைக்கு மெட்டுப் போட எனக்குத் தெரியாது. அது முடியட்டும். பாட நான் இருக்கிறேன்.

இனி எழுதப்போவதை ஐனோவைத் தவிர ஒருவருடனும் கதைக்கவில்லை. ஹெல்சிங்கியில் ஒரு இசைத்தட்டுக் கொம்பனி இந்தக் கசெற்றைக் கேட்டுவிட்டு எங்களைத் தேடி வந்தது. வந்தவருக்குக் குரல் பிடித்துவிட்டது. மூன்று பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு எங்கள் நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்க வந்தார். முடிந்ததும் எங்களை இருத்தி வைத்துச் சொன்னார்: "குரலை ஒரு மயிரிழைகூட மாத்த வேண்டாம். ஆனால் வைக்கிங் பாட்டு வாங்கிற சனம் அட்டையிலை ஒரு வைக்கிங்கைத்தான் தேடும்." ஆள் முரடனில்லை. எனக்குக் கோப்பி வாங்கித் தந்துவிட்டுத்தான் சொன்னார்.

அவர் கேட்பது இதுதான். தட்டில் என் குரல் இருக்கும். அட்டையிலும் மேடையிலும் யாரி முன்னால் நிற்பான். யாரி உயரம், தோள்வரை பொன்னிறத் தலைமயிர். அவன் வாயசைப்பான். நான் பின்னால், ஐனோவின் கீபோட்டுக்குப் பக்கத்தில், இருட்டில் நின்று பாடவேண்டும். என் பெயர் சின்ன எழுத்தில் உள்ளே இருக்கும்.

எர்க்கிக்கு விருப்பம். பன்னிரண்டு வருடமாக இதற்காகத்தான் றம் அடிக்கிறான், அவனில் பிழை சொல்லமாட்டேன். ஐனோ அந்த மனிதரின் கோப்பியைத் தொடவில்லை. யாரி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆடி முடிய ஒப்பந்தத்தில் கையெழுத்து. நான் ஓம் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். குரல் போய்ச் சேர்ந்தால் போதாதா, அக்கா?

ஜோக்கிம்

*

பலெர்மோ
28 சித்திரை 1996

தம்பிக்கு,

போதாது.

இவ்வளவோடு கடிதத்தை முடித்திருப்பேன். முத்திரை வீணாகக்கூடாது என்பதால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

ஐயாவை நினைத்துப் பார். கரைவலை இழுத்த மனிசன். தோள் இரண்டும் கயிறு அறுத்துக் காய்ந்திருக்கும். கூத்து வந்தால் அந்த மனிசன் ரோமாபுரிக்கு இராசா. பேசாலைச் சனம் முழுக்க மணலில் குந்தியிருந்து பார்க்கும். ரோமாபுரி இராசா கறுப்பாக இருக்கிறார் என்று ஒரு பிள்ளைகூடச் சிரித்ததை நான் காணவில்லை. ஐயா மேடைக்கு வருகிற வரவுப் பாட்டைப் பாடி முடிக்க முன்னமே அவர்தான் இராசா என்று சனம் ஒத்துக்கொண்டுவிடும். ஏன்? முடி வைத்தவன்தான் பாடினான். பாடினவன்தான் முடி வைத்தான். பின்னால் ஒருத்தன் பாட முன்னால் ஒருத்தன் வாயசைத்திருந்தால் எங்கள் ஆட்கள் மணலை அள்ளி எறிந்திருப்பார்கள்.

எங்கள் ஊரில் இராசா வேசம் கட்டினவர்களுக்கெல்லாம் வெள்ளைத்தலை வேண்டுமென்றிருந்தால் நாங்கள் ஒரு கூத்தும் பார்த்திருக்கமாட்டோம். அந்தக் கொம்பனிக்காரருக்கு இதைச் சொல். மார்த்தொரானா இராசாவையும் சொல். அவரது வைக்கிங்கின் பேரனே கறுத்தத் தாடியோடுதான் நிற்கிறான். ஒன்றும் சொல்லப் பயமென்றால் வாயை மூடிக்கொண்டிரு. ஆனால் எனக்கு "போதாதா" என்று எழுதாதே.

கசெற் கேட்டேன். ஸ்திரி போடும்போது கேட்டேன். வந்த சத்தத்தில் சிஞ்ஞோரா உள்ளறையிலிருந்து எழும்பி வந்தா. நிறுத்தச் சொல்லப் போகிறா என்று நினைத்தேன். கதவு நிலையில் சாய்ந்து நின்று முழுக்கக் கேட்டா. "யார் இது?" என்றா. என் தம்பி என்றேன். "எதைப் பற்றிப் பாடுகிறான்?" உங்கள் பின் சுவரைப் பற்றி என்றேன். திரும்பப் போடச் சொன்னா.

கோடையில் கால்சாவில் கூரையில்லாத பழைய கோயிலுக்குள் கச்சேரிகள் வைக்கிறார்கள். அதை ஒழுங்கு செய்கிறவர்களில் சிஞ்ஞோராவும் ஒருவர். அவ கசெற்றை வாங்கிக்கொண்டு போயிருக்கிறா. நான் கேட்கவில்லை, அவவாகவே கேட்டா. உன் முழுப்பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

எமிலியானா அக்கா

*

துர்க்கு
9 ஆனி 1996

அன்புள்ள அக்கா,

பலெர்மோவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. ஆடி மாதம் கால்சாவில், திறந்த கோயிலுக்குள் பாடச் சொல்லி. பிரயாணமும் தங்குமிடமும் அவர்களுடையது. "பாடகர் ஜோக்கிமும் குழுவினரும்" என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை ஐனோ சுவரில் ஒட்டிவைத்திருக்கிறா.

கொம்பனிக்காரருக்கும் நல்ல சந்தோசம். அவர் கணக்கு வேறு. நோர்மன் கோயில்களுக்கு முன்னால் அட்டைப்படம் எடுக்க ஒரு படப்பிடிப்பாளரை எங்களோடு அனுப்புகிறார். மேடையில் யாரிதான் முன்னால் நிற்கவேண்டும் என்று திரும்பவும் சொன்னார். அட்டையில் இருப்பவனும் மேடையில் இருப்பவனும் ஒரே ஆளாக இருக்கவேண்டுமாம்.

மார்த்தொரானா இராசாவைப் பற்றிச் சொன்னேன், அக்கா. வாய் திறக்கப் பயந்தேன் என்று நினைக்கவேண்டாம். அவர் மிக ஆர்வமாகக் கேட்டார். "நல்ல கதை. ஆனால் அதைக் கடையில் விற்க முடியாது" என்றார்.

யாரி கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயசைத்துப் பழகுகிறான். "கரையிலை இழுத்துப் போட்ட மீன் மாதிரி இருக்கிறன்" என்று தானே சொல்கிறான். நல்ல பெடியன். என் சொற்களை அவன் ஒழுங்காகப் பாடமாக்கியிருக்கிறான். அதைப் பார்க்க எனக்கு அந்தரமாக இருக்கிறது. பலெர்மோவில் பாடிவிட்டு வந்து கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறோம். எர்க்கிக்காகவும் மற்றவர்களுக்காகவும் நான் சம்மதித்தேன்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் வருவீர்கள், அத்தான் வருவார், சாமியும் எங்கள் சனமும் வரும். யாரையும் ஏச வேண்டாம். படப்பிடிப்பாளரோடு கதைக்க வேண்டாம். நான் இருட்டில் நிற்பேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

ஜோக்கிம்

*

பலெர்மோ
23 ஆனி 1996

தம்பிக்கு,

ஒருவரையும் ஏசமாட்டேன். படப்பிடிப்பாளரோடும் கதைக்கமாட்டேன். என்னிடம் அவர் பாசையும் இல்லை, அவரிடம் தமிழும் இல்லை. கண்ணை மூடுவேன் என்று மட்டும் சொல்லமாட்டேன். விசாவுக்கு விடியவிடிய நிற்கிற குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வரிசையிலேயே கண்ணை மூடாத ஆள் நான்.

யாரியின் தலை அளவு வேண்டும். காதுக்கு மேலால் நூல் சுற்றி எடுத்து அனுப்பு. இராசா பாட்டுப் பாடப் போகிறவனுக்கு முடி இல்லாமல் எப்படி? உங்கள் ஒப்பந்தப்படி அவன்தானே இராசா. அதனால் அவனுக்குத்தான் கட்டுகிறோம். அகஸ்ரீனாவை உனக்குத் தெரியும், கோயிலில் மாதா, புனிதர் சுருவங்களுக்கு உடுப்புத் தைக்கிறவ. அவ மட்டை வெட்டி, பொற்தாள் ஒட்டி, கண்ணாடி பதிக்கிறா. கொம்பு வைக்கவோ என்று கேட்டா. படத்தில் வைக்கிங்குக்குக் கொம்பு இருக்கிறதாம். சிஞ்ஞோராவிடம் விசாரித்தேன், கொம்பு பிற்காலத்துக் கட்டுக்கதையாம். கொம்பு இல்லை.

நீங்கள் வந்து இறங்குகிற அன்றைக்கு எல்லோருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் சாப்பாடு. அத்தான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடையில் கேட்டு மேசை எடுத்திருக்கிறார். மீன் அவரே தெரிவாராம். இரும்புத் துடுப்புக்காரரை நேரில் பார்த்துச் சில கேள்வி கேட்க வேண்டுமாம்.

ஐனோவுக்கு என்ன மீன் பிடிக்கும் என்று எழுது. கோயிலில் முடித்த கலியாணமில்லை என்றாலும் சாப்பாடு சாப்பாடுதானே.

அக்கா

*

பலெர்மோ
28 ஆடி 1996

தம்பிக்கு,

நீங்கள் போய் ஒரு கிழமை. வீடு இன்னும் உங்கள் சத்தத்தோடுதான் இருக்கிறது. நீ இப்போது அந்த மனிதரைச் சந்திக்கப் போகிறாய். அதற்கு முன்னே, மேடையில் நின்ற உனக்குத் தெரியாத இரண்டு விசயத்தை எழுதவேண்டும். இதைச் சொல்ல இங்கே நேரம் கிடைக்கவில்லை.

முதலாவது, ஸ்ஃபெர்ராகவால்லோவில் நடந்தது. நீயும் எர்க்கியும் ஒலிபெருக்கி பார்க்க வேளைக்கே எழும்பிப் போய்விட்டீர்கள். மேசையில் யாரி, ஐனோ, நாங்கள் இரண்டு பேர். முடியை அவன் தலையில் வைத்துப் பார்த்தோம். நல்ல அளவு. யாரி அத்தானிடம், உங்கள் மாமனார் இதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பாடுவார் என்று கேட்டான். ஐனோ அரை இத்தாலியனில் சொல்ல, அத்தான் குசினி இத்தாலியனில் பதில் சொன்னார். விளங்காத இடத்தில் தமிழைப் போட்டார். அவர் சொன்னது:

"எங்கடை கூத்து ஒரு மூச்சிலை முடியிற கூத்தில்லை, தம்பி. ஒரு ஆளின்ரை தொண்டை காணாது. அதாலை ஒரு இராசாவுக்கு ரெண்டு பேர். முதலாம் இராசா, இரண்டாம் இராசா. முடி ஒண்டுதான். முதலாம் ஆளுக்குத் தொண்டை அடைக்க, முடியைக் கழட்டி இரண்டாம் ஆளிட்டைக் குடுத்திட்டுப் போவார். தொண்டை இருக்குமட்டும்தான் இராசா."

ஐனோ அதை அவனுக்குச் சொல்லி முடித்தா. யாரி மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தான். பிறகு ஏதோ சொன்னான். ஐனோ எனக்குச் சொன்னா: "அப்படியெண்டால் தான் ஒரு நிமிசமும் இராசாவா இருந்ததில்லையாம்." நான் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அத்தான் மட்டும் அவன் தட்டில் இன்னொரு மீனை வைத்தார்.

மற்றது, நாங்கள் இருந்த பக்கம். நீ பின்னால் நின்றபடியால் உனக்கு யாரியின் முதுகுதான் தெரிந்திருக்கும். எங்களுக்கு முகம் தெரிந்தது. கால்சாப் பாட்டின் முதல் பாதி முழுக்க அவன் ஒழுங்காக வாயசைத்தான். முன்வரிசையில் சிஞ்ஞோராவும் அவவின் ஆட்களும். இத்தாலியர் கதிரைகளில். எங்கள் சனம் பின்னால், சுவரோரமாக நின்றது. ஏணி வைக்கிற இடம் வர யாரி வாயை மூடிக்கொண்டான். பாட்டு நிற்கவில்லை. ஒரு மனிசன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறான், குரல் கோபுரம் வரைக்கும் போகிறது. இத்தாலியர் ஆளையாள் பார்த்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள். யாரி முடியைக் கழற்றினான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான். உன் சட்டைக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தான். முடியை உன் தலையில் வைத்தான். அது கொஞ்சம் சரிந்துபோய் இருந்தது.

எங்கள் சனத்துக்கு யாரும் விளங்கப்படுத்தவேண்டி இருக்கவில்லை. அத்தான், "இரண்டாம் இராசா வந்திட்டார்" என்றார். அவ்வளவுதான். நீ அடுத்த வரியைப் பாடி முடிக்க, எங்கள் ஆட்கள் அதன் கடைசிப் பாதியைத் திருப்பிப் பாடினார்கள். கூத்தில் இராசா பாடினால் பிற்பாட்டுப் பாடவேண்டும் என்பதைத்தவிர அவர்களுக்கு அந்த நேரம் ஒன்றும் தோன்றவில்லை. பின்லாந்துப் பாசையில் ஒரு சொல் தெரியாது. காதில் விழுந்ததைப் பாடினார்கள். இரண்டாம் தரம் சாமியும் பாடினார். மூன்றாம் தரம் கதிரையில் இருந்த இத்தாலியரும் சேர்ந்துகொண்டார்கள். நீ ஒருகணம் திகைத்துப்போய், பிறகு ஒவ்வொரு வரிக்கும் எங்களுக்கு இடம் விட்டுவிட்டுப் பாடினாயே, அது ஐயா பாடுகிற விதம். உனக்கு அதை ஒருவரும் பழக்கியதில்லை.

அந்தப் படப்பிடிப்பாளரை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாரி முடியைக் கழற்றியதும் கமெராவைக் கீழே இறக்கிவிட்டார். கொஞ்சம் கழித்துக் கதிரையொன்றில் ஏறி நின்று, உன்னைத்தான் எடுத்தார். நான் அவரோடு கதைக்கவில்லை.

இனி என்ன செய்யவேண்டும் என்று சொல்லமாட்டேன். உனக்கு வயது முப்பத்திரண்டு. எர்க்கிக்கும் குடும்பம் இருக்கிறது, அதையும் நான் மறக்கவில்லை. நீ என்ன செய்தாய் என்பதை மட்டும் எழுது. நல்லதோ கெட்டதோ, நடந்தபடி எழுது.

ஐனோவுக்கு இத்துடன் மீன் குழம்புக்குத் தூள் அனுப்புகிறேன். கையாலே சாப்பிட்ட பிள்ளை. கோயில் கலியாணத்தைப் பற்றி நான் இனிக் கதைக்கமாட்டேன், நீங்களாகக் கதைத்தால் ஒழிய.

அக்கா

*

துர்க்கு
22 புரட்டாதி 1996

அன்புள்ள அக்கா,

நடந்தபடி எழுதுகிறேன்.

ஆவணி தொடக்கத்தில் கொம்பனிக்காரர் வந்தார். எங்கள் பழகுமிடத்தில், மேசையில் படங்களைப் பரப்பினார். மார்த்தொரானாவுக்கு முன்னால் யாரி நிற்கிற படங்கள் ஒரு பக்கம். முடியோடு நான் பாடுகிற படங்கள் மற்றப் பக்கம். படப்பிடிப்பாளர் ஒன்றையும் ஒளிக்காமல் கொடுத்திருந்தார். கொம்பனிக்காரர் என் படத்தைக் கையில் எடுத்துக் கனநேரம் பார்த்தார். "இதுதான் நல்ல படம்" என்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, யாரியின் படத்தை ஒப்பந்தத்தின்மேல் வைத்தார்.

"பலெர்மோவிலை செய்தது வடிவாத்தான் இருந்தது. ஒருக்கால் செய்யிற விசயம் அது. கடையிலை அட்டை ஒண்டுதான். ஒரு முகம்தான்," என்றார்.

நான் முதலில் கதைத்தேன், அக்கா. வேறு யாரும் எனக்காகக் கதைக்கும் வரைக்கும் காத்திருக்கவில்லை. "பாடுறவன் முன்னுக்கு நிப்பான். அட்டையிலையும் அவன்தான். இதுக்குச் சம்மதமெண்டால் இப்பவே கையெழுத்து வைக்கிறன்" என்றேன். அவர் யாரியைப் பார்த்தார். யாரி, "நான் பேஸ் அடிக்கிறவன். வாயாலை அடிக்கிறேல்லை" என்றான். ஐனோ அன்றைக்கும் கோப்பி குடிக்கவில்லை.

அவர் காகிதங்களை மடித்தார். கோபப்படவில்லை. வாசலில் நின்று என் கையைப் பிடித்து, குரலைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வரும் என்று நான் பார்த்திருக்கவும் இல்லை.

எர்க்கி போய்விட்டான். அன்றைக்கே இல்லை, ஒரு கிழமை யோசித்துவிட்டுப் போனான். "நீ பிழை செய்தாய் எண்டு சொல்லமாட்டன். எனக்கு இன்னொரு பன்னிரண்டு வருசம் இல்லை" என்றான். ஹெல்சிங்கியில் வேறொரு குழுவில் சேர்ந்திருக்கிறான். றம் பெட்டிகளை வானில் ஏற்ற நான்தான் கைகொடுத்தேன். இதில் எனக்குக் கவலை உண்டு. ஆனால் மாற்றிச் செய்திருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

இப்போது கப்பல் தளத்தில் வேலை செய்கிற ஒரு பெண் றம் அடிக்கிறா. பகலில் இரும்பு ஒட்டுகிறவ. எர்க்கியைவிடக் கொஞ்சம் வேகமாகப் போவா. பிடித்து நிறுத்த வேண்டும். இசைத்தட்டை நாங்களே இங்கே ஒரு சின்ன இடத்தில் பதிகிறோம். படப்பிடிப்பாளர் கதிரையில் ஏறி நின்று எடுத்த படத்தை, தானாகவே, எங்களுக்குத் தந்துவிட்டார். அதுதான் அட்டை. முடி சரிந்தபடிதான் இருக்கிறது. நிமிர்த்தி வேறு படம் எடுப்போமா என்று ஐனோ கேட்டா. வேண்டாம் என்றேன்.

போன சனிக்கிழமை ரௌமா என்ற துறைமுக ஊரில் பாடினோம். வைகாசியில் யாரியை முன்னால் விட்டுச் சனத்துக்குப் பாடிப் பார்த்த அதே மண்டபம். இந்த முறை நான் நடுவில் நின்றேன். பஞ்சகாலப் பாட்டுப் பாடும்போது யாரும் அசையவில்லை. கால்சாப் பாட்டில் வரிக்கு வரி இடம் விட்டேன். இந்தச் சனம் இலேசில் வாய் திறக்காது. முதல் இரண்டு வரிக்கு ஒன்றும் வரவில்லை. பேசாமல் அடுத்த வரியைப் பாடி, அதே அளவு இடத்தைத் திரும்பவும் விட்டேன். நாலாவது வரிக்கு வந்தது.

முடிந்து வெளியே வரும்போது, கோட்டுகளை வாங்கி வைக்கிற அம்மா என் கோட்டை எடுத்துத் தந்தா. "வைகாசியிலை நீங்கள் வந்தபோது குரல் எங்கையிருந்து வருது எண்டு எட்டி எட்டிப் பாத்து எனக்குக் கழுத்து நொந்துபோச்சு. இண்டைக்கு நோகேல்லை" என்றா. அடுத்த ஆளின் கோட்டை எடுக்கப் போய்விட்டா.

அடுத்த மாதம் ஒவுலுவில் பாடுகிறோம், வடக்கே, கனதூரம். சுவரொட்டி அடித்தாகிவிட்டது. என் முகம் பெரிதாக இருக்கிறது. மூக்கு இன்னும் பெரிதாக விழுந்திருக்கிறது. அக்காவுக்கு ஒன்று அனுப்புவோம் என்று ஐனோ சுவரில் இருந்ததைக் கழற்றிச் சுருட்டி வைத்தா. நான் எடுத்துத் திரும்பச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

நீங்கள் வந்து பாருங்கள், அக்கா. அத்தானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். குளிருக்கு உடுப்பு நாங்கள் தருவோம்.

ஜோக்கிம்